கோடி ரூபாய் வேண்டாம்... ‘கோடி’ போதும்!

வாங்கி எட்டு, பத்து வருடம் ஆன டிவி. படத்திலும் சத்தத்திலும் இன்னும் ஒரு குறையும் இல்லை. ஆனால், யூடியூப் வரவில்லை என்பதற்காகவே அதை எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிட்டு, புது டிவிக்குத் தவணை கட்டுகிறவர்கள் பலர். கடைக்குக் கிளம்பும் முன் டிவியின் பின்பக்கம் ஹெச்.டி.எம்.ஐ. போர்ட் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அந்தச் செலவு தேவைப்படாமலே போகலாம்.

இதற்குக் கைகொடுக்கும் இலவச மென்பொருள்களில் ஒன்று ‘கோடி’. மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டியில் வீடியோ பார்ப்பதற்காக, 2002-ல் ஆர்வலர்கள் சிலர் எழுதத் தொடங்கியது. எக்ஸ்.பி.எம்.சி. என்ற பெயரில் வளர்ந்து, 2014-ல் ‘கோடி’ ஆனது. இன்றும் லாபநோக்கமற்ற அமைப்பு ஒன்றுதான் இதை நடத்துகிறது.

எதில் போடுவது?

வீட்டில் பழைய லேப்டாப் சும்மா கிடந்தால், அதில் கோடியை நிறுவி ஒரு ஹெச்.டி.எம்.ஐ. கேபிளால் டிவியுடன் இணைத்துவிடலாம். ஆண்ட்ராய்டு டிவி, ஸ்டிக், பாக்ஸ் என்றால் பிளே ஸ்டோரிலேயே கிடைக்கும். கொஞ்சம் கைவேலையில் ஆர்வம் உள்ள பிள்ளைகள், உள்ளங்கை அளவுள்ள ராஸ்பெர்ரி பை கம்ப்யூட்டரில் ‘லிப்ரிஎலெக்’ போட்டு கோடியை ஓட்டலாம். டிவியில் சி.இ.சி. வசதி இருந்தால், டிவி ரிமோட்டே இதற்கும் போதும்.

காலிப் பாத்திரம்

கோடிக்குள் படமோ சீரியலோ எதுவும் இருக்காது. அது ஒரு காலிப் பாத்திரம். நாம் ஊற்றுவதுதான் அதில் இருக்கும். பென் டிரைவிலும் ஹார்டு டிஸ்கிலும் தூங்கும் கல்யாண வீடியோ, காதுகுத்துப் படங்கள், பாட்டுகள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் அடுக்கிப் பெரிய திரையில் பார்க்கலாம்.

யூடியூப் பார்க்க, கோடியின் அதிகாரபூர்வத் தொகுப்பில் உள்ள ‘யூடியூப்’ ஆட்-ஆனைச் சேர்க்க வேண்டும். அது ‘ஏ.பி.ஐ. கீ’ என்று ஒன்றைக் கேட்கும். பலர் நின்றுவிடுவது இங்கேதான். பயப்பட ஒன்றுமில்லை. கூகுள் கணக்கு வைத்திருப்பவர்கள் கூகுள் கிளவுட் தளத்தில் இதை இலவசமாகவே உருவாக்கிக்கொள்ளலாம். வழக்கமாக ஒரு நாளுக்கு 10,000 புள்ளிகள் ஒதுக்குவார்கள். ஒரு தேடலுக்கு 100 புள்ளிகள் கழியும். எல்லோரும் ஒரே கீயைப் பயன்படுத்தினால் காலையிலேயே கணக்கு தீர்ந்துவிடும். ஆளுக்கொரு கீ என்பது அதனால்தான்.

டிவியிலேயே யூடியூப் ஆப் நன்றாக ஓடினால், யூடியூபுக்காக மட்டும் இத்தனை மெனக்கெட வேண்டாம். ஆனால், சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கோடிக்கு ஒரு தனி மதிப்பு உண்டு. நீங்கள் பார்த்துத் தேர்ந்தெடுத்த பிளேலிஸ்ட்டுகளை ‘ஃபேவரிட்ஸ்’ பகுதியில் வைத்துவிடலாம். பிள்ளைகளுக்குத் தனி புரொஃபைல் அமைத்து, செட்டிங்ஸுக்கு ரகசிய எண்ணால் பூட்டும் போடலாம்.

இதில்தான் ஆபத்து!

‘ஒருமுறை பணம் கட்டினால் போதும், எல்லா சேனலும் புதுப்படமும் இலவசம்’ என்று சொல்லி, கோடியை ஏற்றிய பாக்ஸ்களை விற்கிறார்கள். அவற்றில் இருப்பது திருட்டுப் படம் காட்டும் ஆட்-ஆன்கள். கோடி குழுவே இந்த வியாபாரத்தை எதிர்க்கிறது.

சட்டச் சிக்கலைவிட வீட்டுக்கு நெருக்கமான ஆபத்து வேறு. பெயர் தெரியாத மலிவு பாக்ஸ்கள் சிலவற்றில், கடைக்கு வரும் முன்பே வேவு நிரல் புகுத்தப்பட்டிருக்கிறது. ‘பேட்பாக்ஸ் 2.0’ என்ற இத்தகைய வலை பற்றி, 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. எச்சரித்தது. அப்படி ஒரு பாக்ஸை மாட்டினால், உங்கள் வீட்டு இன்டர்நெட் இணைப்பின் வழியாக எவனோ மோசடி செய்யலாம். நீங்கள் பேங்க் வேலை பார்க்கும் போனும் அதே வைஃபையில்தான் இருக்கிறது.

ஆகவே, கூகுள் சான்று பெற்ற, தெரிந்த நிறுவனத்தின் ஸ்டிக்கை மட்டும் வாங்குங்கள். கோடியை அதன் சொந்தத் தளத்திலிருந்தோ பிளே ஸ்டோரிலிருந்தோ நீங்களே ஏற்றுங்கள். ‘தெரியாத இடத்திலிருந்து நிறுவ அனுமதிக்கவா?’ என்று திரையில் கேள்வி வந்தால், ‘வேண்டாம்’ என்று சொல்லிவிடுங்கள். யாரோ நிரப்பிக் கொடுக்கும் பாத்திரத்தைவிட, நாமே கழுவி ஊற்றிக்கொள்வதுதான் வீட்டுக்கு நல்லது.