மேடை உண்டு, கலை வகுப்பு எங்கே?

தமிழ்நாட்டின் அரசுப் பள்ளிகளில் 2022-23ஆம் கல்வியாண்டு முதல் கலைத் திருவிழா நடத்தப்பட்டு வருகிறது. அதனை நாம் வரவேற்கிறோம். ஆனால், ஆண்டு முழுவதும் கற்பிக்கப்படாத கலைக்குப் போட்டி மட்டும் வைத்தால், வெளியே கட்டணம் செலுத்திக் கற்றவர்களே முந்துவர். சேரியிலிருந்து வரும் பிள்ளைக்குப் பள்ளியை விட்டால் வேறு பயிற்சிக் கூடம் இல்லை.

கலைக் கல்வி சலுகையன்று. சட்டம் சொல்லும் கடமை. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை நூறு மாணவர்களுக்கு மேல் பயிலும் பள்ளியில் கலைக் கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் இருக்க வேண்டும் என்கிறது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை. 2012இல் ஓவியம், இசை, தையல், உடற்கல்வி முதலியவற்றுக்காக 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டனர். வாரத்திற்கு மூன்று அரைநாள் பணி. தொடக்க ஊதியம் மாதம் 5,000 ரூபாய். பணி நிரந்தரம் கோரி அவர்கள் பல ஆண்டுகள் வீதியில் நின்றனர். அட்டவணையின் இவ்விதியோ எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. உயர்நிலைப் பள்ளியின் ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் பொதுத்தேர்வின் பெயரால் கலைக்குரிய பாடவேளை கணக்குக்கும் அறிவியலுக்கும் போய்விடுகிறது.

இதில் சாதி எங்கே என்று கேட்கலாம். பறையை எடுத்துக்கொள்வோம். ஊரில் அது பிறப்பால் சுமத்தப்பட்ட இழிதொழில். பள்ளி விழாவிலோ கைத்தட்டல் பெறும் கலை. தலித் மாணவரை மட்டும் அழைத்து அடிக்கச் சொன்னால், மேடையும் ஊரின் நீட்சியாகிவிடும். எல்லாச் சாதி மாணவரும் ஆசிரியரிடம் முறையாகக் கற்கும் பாடமானால்தான் அக்கருவி மீதான தீட்டு உடையும். இருபாலர் பள்ளிக்கு இதில் கூடுதல் பொறுப்புண்டு. ஆண்களுக்குரியது எனப்பட்ட பறையைத் தலித் பெண்களின் கைகளில் கொடுத்துக் காட்டியது திண்டுக்கல்லின் சக்தி கலைக்குழு. ஒரு கலைக்குழுவால் இயன்றது அரசால் இயலாதா?

எனவே நாம் கோருவது மூன்று: ஒவ்வோர் உயர்நிலைப் பள்ளிக்கும் கருவிகளுடன் கூடிய கலை அறை, முழுநேரக் கலை ஆசிரியர், பிற பாடங்களுக்குப் பறிக்க முடியாத பாடவேளை. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளில் இதனை முதலில் தொடங்க, பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மேம்பாட்டு நிதிக்கென 2024இல் மாநிலம் இயற்றிய சட்டத்தைப் பயன்படுத்தலாம். உங்கள் பகுதிப் பள்ளியில் கலை ஆசிரியர் இருக்கிறாரா, வாரத்தில் எத்தனை பாடவேளை நடக்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள். அந்த விடைகளே நம் வழக்கின் முதல் ஆவணங்கள்.