சமதரைக்கு எங்கே போவது?

என் காரின் அடிவயிற்றுக்கும் தரைக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி 5 மில்லிமீட்டர். நெய்வேலியை ஒட்டிய எங்கள் வடக்குத்துத் தெருவில் பதித்திருக்கும் பேவர் பிளாக்கில் ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் உள்ள ஏற்ற இறக்கமே அதைவிட அதிகம். என் வயிற்றெரிச்சலை இந்த இரண்டு வரியில் அடக்கிவிடலாம். அடங்கினால்தானே!

கார் என்றதும் மாருதியை நினைத்துவிட வேண்டாம். நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு அளவு. 19 சென்டிமீட்டர் அகலம். பேட்டரி, பாடி எல்லாம் சேர்த்து ஒன்றேகால் கிலோவுக்குச் சற்று மேல். ரிமோட்டில் ஓடும் போட்டிக் கார். டூரிங் கார் என்பார்கள். ஒரே மோட்டாரிலிருந்து நான்கு சக்கரத்துக்கும் இழுவை போகும். ஸ்பிரிங், எண்ணெய் நிரப்பிய ஷாக், டிஃபரன்ஷியல், ஆன்டி ரோல் பார் என்று பெரிய காரில் இருப்பதெல்லாம் இதிலும் உண்டு. பெரிய காரில் திருக முடியாத இடங்களையும் இதில் திருகலாம். கையில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினால், “பேரனுக்கா சார்?” என்று கேட்கிறார்கள். எனக்குத்தான் என்றால் அடுத்த கேள்வி வருவதில்லை. அந்த மௌனம் இருக்கிறதே, அதற்குக் கேள்வியே மேல்.

இந்தக் காரை வாங்குவதில் ஒன்றுமில்லை, ஓட்டுவதிலும் பாதிதான் இருக்கிறது. மீதியெல்லாம் செட்டப். சக்கரத்தின் தலை உள்பக்கமாகச் சாய்ந்து நிற்பது கேம்பர். அது ஒன்றரை டிகிரியா, இரண்டு டிகிரியா என்பதில் டயர் தேயும் விதமே மாறிவிடும். பின்சக்கரங்கள் இரண்டும் மூக்கைக் கொஞ்சம் உள்ளே திருப்பி நிற்க வேண்டும், பெரும்பாலும் 3 டிகிரி. அதில் அரை டிகிரி குறைத்தால் நேர் ஓட்டத்தில் வேகம் கிடைக்கும். ஆனால் வளைவிலிருந்து வெளியே வரும்போது பின்பக்கம் உதறும். சஸ்பென்ஷன் கை மாட்டியிருக்கும் இடத்துக்கு அடியில் ஷிம் எனும் அரை மில்லிமீட்டர் வாஷர் ஒன்றைச் செருகிப் பாருங்கள், கார் சாய்கிற சுபாவமே வேறாகிவிடும். டிஃபரன்ஷியலுக்குள் ஊற்றும் சிலிகான் எண்ணெயில் 5000 எண்ணும் 7000 எண்ணும் வேறு வேறு காரை ஓட்டுகிற உணர்வைத் தரும். மோட்டாரில் மாட்டும் பல்சக்கரமான பினியனில் ஒரு பல் கூடினால் மோட்டாரின் சூடு ஏறும். கூடுதல் சூட்டில் காந்தம் பலமிழந்தால் அந்த மோட்டாருக்கு முழு உயிர் திரும்பாது.

இத்தனைக்கும் ஒரே ஒரு சட்டம்தான். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்று, ஓட்டு, சுற்று நேரத்தைப் பார், தேறவில்லையென்றால் பழைய இடத்துக்கே கொண்டுவா. இந்தச் சட்டம் செல்லுபடியாக வேண்டுமானால் மற்ற எதுவும் மாறக்கூடாது. குறிப்பாக, தரை மாறக்கூடாது. நேற்று ஓடிய அதே தரையில் இன்றும் ஓட்டினால்தான் நான் செருகிய ஷிம் வேலை செய்ததா என்று தெரியும். எங்கள் ஊரில் அது நடக்குமா? நேற்று இருந்த ரோட்டில் இன்று குடிநீர்க் குழாய்க்குப் பள்ளம். முந்தாநாள் மூடிய பள்ளத்தின் மேல் ஜல்லி. சிமென்ட் ரோடாவது இருக்கிறதே என்று போனால், வழுக்காமலிருக்க அதன் மேல் குறுக்காக வரி வரியாகக் கோடு இழுத்து வைத்திருக்கிறார்கள். மாட்டுக்கும் மனிதனுக்கும் நல்லதுதான். என் டயர் ஓர் ஓட்டத்தில் ரோமம் உதிர்ந்த பூனையாகிவிடுகிறது.

வீட்டுக்குள் மட்டும் ஒரு சமதரை சம்பாதித்திருக்கிறேன். அடுப்பு மேடை போட்டபோது மிஞ்சிய கிரானைட் துண்டு. கார் இரண்டு பக்கமும் ஒரே எடையில் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க அதைவிட நல்ல பலகை கிடையாது. சேசிஸ் ஒரு நூல் முறுக்கிக்கொண்டிருந்தாலும் போதும், இடது பக்கம் நன்றாகத் திரும்பும் கார் வலது பக்கம் திரும்ப மறுக்கும். அதை அந்தக் கல்லில்தான் கண்டுபிடிப்பேன். கல்லை நிறுத்தி வைக்கச் சமையலறையைத் தவிர இடமில்லை என்பதால், அதில் யாருக்கு முன்னுரிமை என்ற வழக்கு வீட்டில் இன்னும் நிலுவையில் இருக்கிறது.

கல்லில் சரியாக நிற்கிற காரை ஓட்டத்தான் இடமில்லை. விக்கிரவாண்டி–தஞ்சாவூர் நான்குவழிச் சாலை வேலை வருஷக்கணக்கில் இழுத்ததில் ஊர் முழுக்கப் புழுதி. அதோடு முந்திரித் தோப்புச் செம்மண். காற்று திரும்பினால் அனல்மின் நிலையத்து நிலக்கரிச் சாம்பலின் பொடி. இந்த மூன்றும் கலந்து தாரின் மேல் படிந்தால், விலை உயர்ந்த ரப்பர் டயரும் பவுடர் போட்ட கேரம் போர்டில் காயாகிவிடும். வெளிநாட்டுத் தார் டிராக்குகளில் பிடிப்பு கூட வேண்டும் என்று சர்க்கரைத் தண்ணீர் தெளிக்கிறார்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே சர்க்கரையைக் கரைத்துத் தெளித்துக் காயவிடுகிறார்கள். நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலையே இருக்கிறது, நமக்கென்ன கஷ்டம் என்று ஒரு நாள் கணக்குப் போட்டேன். எறும்புகள் காருக்கு முன்னே வந்து நிற்கும் என்று தோன்றியதால் விட்டுவிட்டேன்.

நெய்வேலி டவுன்ஷிப்புக்குள் போகலாமே என்பார்கள். உண்மைதான், அங்கே பிளாக்குகளுக்கு நடுவே ரோடுகள் அகலம், இரண்டு பக்கமும் மரம், தரையும் பரவாயில்லை. ஆனால் ரோடு என்றால் சைக்கிளில் டியூஷன் போகிற பிள்ளைகளும், காலை நடைக்கு வரும் பெரியவர்களும் இருப்பார்கள். மணிக்கு ஐம்பது அறுபது கிலோமீட்டர் வேகத்தில் கணுக்கால் உயரத்தில் வருகிற ஒன்றேகால் கிலோ அவர்கள்மேல் மோதினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தடுப்புக் கட்டை இல்லாத இடத்தில் ஓட்டக்கூடாது. இதில் காவலாளி விரட்டுவது நியாயம்தான். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை.

வெயில்தான் காரணம், இந்த விளையாட்டு குளிர் தேசத்துக்கானது என்று சில நண்பர்கள் ஆறுதல் சொல்வார்கள். அந்த ஆறுதல் எனக்கு வேண்டாம். 2002இல் இந்த டூரிங் கார்களின் உலகப் பட்டத்தை வென்ற சுரிகார்ன் தாய்லாந்துக்காரர். 2008இல் உலகப் போட்டியே பாங்காக்கில்தான் நடந்தது. நம் பண்ருட்டி வெயிலுக்கு அந்த ஊர் வெயில் சளைத்ததா? வெயிலுக்கென்றே டயர் இருக்கிறது. 24, 28, 32, 36 என்று எண் போட்டு விற்கிறார்கள். எண் ஏற ஏற ரப்பர் சூட்டைத் தாங்கும். சித்திரை வெயிலுக்கு 36 போட்டுக்கொண்டு போகலாம். எங்கே போவது என்பதுதான் கேள்வி.

டயர் என்றதும் இன்னொரு புண் நினைவுக்கு வருகிறது. இந்தச் சாமான்கள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும். சுங்கக் கணக்கில் இவை பொம்மை. பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023இல் 70 ஆனது. 2021 ஜனவரியிலிருந்து பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையும் கட்டாயம். மட்டமான பிளாஸ்டிக்கும் ஈயப் பூச்சும் குழந்தை வாய்க்குள் போகாமலிருக்க வந்த ஏற்பாடு. நல்ல நோக்கம், கைதட்டுகிறேன். அந்த முத்திரை விதி 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் பொம்மைகளுக்குத்தான். போட்டிக் கார்ப் பெட்டிகள் பலவற்றில் 14 வயதுக்கு மேல் என்று அச்சடித்தே இருக்கும். பார்சலைப் பிரிப்பவருக்கு இதையெல்லாம் யார் சொல்வது? நரைத்த தலையோடு போய், நான் குழந்தை இல்லை என்று மனு எழுதிக்கொடுக்கிற நிலைமை. ஒரு ஜோடி சஸ்பென்ஷன் கை உடைந்தால் அது வந்து சேர்வதற்குள் பருவமே மாறிவிடுகிறது.

அதற்காக ஷிம்களை இங்கேயே செய்துகொள்ளப் பழகினேன். லேத் பட்டறைத் தம்பி முதலில் சிரித்தான். “பாயிண்ட் அஞ்சு எம்.எம். வாஷரா சார்? இந்தக் காருக்கா?” என்றான். பிறகு ஒரு நாள் கடையை மூடிவிட்டு வந்து, ஷிம் இல்லாமலும் ஷிம் போட்டும் அவனே ஓட்டிப் பார்த்தான். இப்போது அவன் சிரிப்பதில்லை. “அண்ணே, முன்னாடி பாயிண்ட் டூ குறைச்சுப் பாக்கலாமா?” என்று அவனே போன் போடுகிறான்.

எனக்கு ஆச்சரியம் மற்றவர்களைப் பற்றித்தான். இது நெய்வேலி. 1957இல் நிலக்கரிச் சுரங்கம் தோண்டத் தொடங்கிய நாளிலிருந்து எந்திரத்தோடு வாழ்கிற ஊர். கன்வேயர் பெல்ட் ஒரு பக்கமாக ஓடினால், அதைத் தாங்கும் ஐட்லர் உருளையைக் கொஞ்சமாகத் தட்டி நேராக்கத் தெரிந்தவர்கள் வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார்கள். தட்டுவது எவ்வளவு, எந்தப் பக்கம், அதன் பலன் எத்தனை ஐட்லர் தள்ளித் தெரியும் என்பதெல்லாம் அவர்களுக்கு விரல் நுனியில். அதே ஆட்கள் என் காரின் முன்சக்கரத்தைப் பார்த்து, “அரை டிகிரியில் என்ன சார் வந்துடப் போகுது?” என்கிறார்கள். வேலைக்கென்றால் அளவு, விளையாட்டுக்கென்றால் குத்துமதிப்பு! இவர்கள் பிள்ளைகளுக்கு அலைன்மென்ட் பாடத்தை இதைவிட மலிவாக எந்தக் கல்லூரி சொல்லிக்கொடுக்கும்? பினியனின் பல்லையும் அது சுழற்றும் ஸ்பர் சக்கரத்தின் பல்லையும் எண்ணி வகுக்கத் தெரிந்த பையன் கியர் விகிதத்துக்குச் சூத்திரம் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

மின்சாரத்தைப் பற்றி ஒரு வரி. நாட்டுக்கே மின்சாரம் அனுப்புகிற புகைபோக்கிகளைப் பார்த்துக்கொண்டே, மின்வெட்டில் பாதி சார்ஜோடு நின்றுபோன பேட்டரியோடு உட்கார்ந்திருப்பது வடக்குத்துக்காரர்களுக்கு மட்டுமே கிடைக்கும் பாக்கியம்.

நான் கேட்பது ஸ்டேடியம் அல்ல. ஒரு கூடைப்பந்து மைதானம் 28 மீட்டருக்கு 15 மீட்டர். அந்த அளவில் வழவழப்பான சிமென்ட் தரை, சுற்றிலும் கட்டையாகப் போடப் பழைய நெருப்பணைப்புக் குழாய் நாலு துண்டு, பெருக்க ஒரு துடைப்பம், போதும். இந்திரா நகரிலும் வடக்குத்திலும் மெயின் ரோட்டு ஓரத்தில் கல்யாண மண்டபம் வைத்திருக்கும் முதலாளிகளே, ஆடியிலும் மார்கழியிலும் உங்களுக்கு முகூர்த்தம் கிடையாது. கார் நிறுத்தும் இடம் காலியாகத்தான் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணியிலிருந்து ஒன்பது மணிவரை அதைத் திறந்துவிடுங்கள். வாடகை தருகிறோம், பெருக்கியும் கொடுத்துவிடுகிறோம்.