ரெண்டு கையையும் தூக்கு!

டிஸ்கி: கொஞ்சம் காரமான பதிவு. பொட்டி தட்டுற மக்கள் யாருக்காவது மனசு புண்பட்டா மன்னிச்சிருங்க. முதல் அடி எனக்குத்தான் விழுந்துச்சு, கீழ சொல்றேன்.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போனப்போ என்னோட வி.ஆர். ஹெட்செட்டையும் எடுத்துட்டுப் போனேன். சீன் போடத்தான், வேறெதுக்கு :) வாண்டுங்க எல்லாம் ஆளுக்கொரு ரவுண்டு ஆடி முடிச்சதும் சித்தி பையன் முறை வந்துச்சு. பத்தொன்பது வயசு. பொறந்ததுல இருந்தே இடது கை சரியா வராது, சக்கர நாற்காலிலதான் இருப்பான். மொபைல்ல ஒத்தக் கையால கிரிக்கெட் ஆடி என்னை மண்ணைக் கவ்வ வைக்கிற ஆளு.

மாட்டி விட்டேன். எழுந்து நிக்கணுமாம், ரெண்டு கன்ட்ரோலர்லயும் டிரிக்கரை ஒரே நேரத்துல அழுத்தணுமாம். அப்பத்தான் ஆட்டமே ஆரம்பிக்கும். பத்தாவது லெவல்ல தோத்தா அது விளையாட்டு. வாசப்படியிலயே கழுத்தைப் பிடிச்சுத் தள்ளினா அதுக்குப் பேரு என்னங்க?

இடது பக்க டிரிக்கரை நான் அழுத்தி உள்ள அனுப்பினேன். உள்ள ஒரு கதவு, அதைத் திறக்க ஒரு நெம்புகோல். நிக்கிற ஆளோட தோள் உயரத்துல இருக்கு. கையை நீட்டி நீட்டிப் பாத்தான், எட்டலை. ரெண்டு நிமிஷத்துல கழட்டிக் கொடுத்துட்டான். "விடுங்ணா, எனக்கு இதெல்லாம் பழகிருச்சு."

அந்த 'பழகிருச்சு' என்னைத் தூங்க விடலை. கொல்லிமலை ஆகாய கங்கைக்கு குடும்பத்தோட போயிருக்கோம். ஆயிரத்துக்கும் மேல படிக்கட்டு. நாங்க எல்லாம் இறங்கிக் குளிச்சுட்டு வர்ற வரைக்கும் அவன் டிரைவரோட வேன்லயே உக்காந்திருப்பான். சரி, மலையில படிக்கட்டை மாத்தறது லேசில்ல. ஆனா அந்த நெம்புகோல் கல்லா, இரும்பா? யாரோ ஒரு டெவலப்பர் கோடுல அடிச்ச ஒரு எண். 1.4னு இருக்கறதை 0.9னு மாத்தினா கைக்கு எட்டும். மலையே ஏற முடியாதவனை மலை உச்சிக்குக் கொண்டு போக முடியற ஒரே சாமான் இதுதான். அதுலயும் படிக்கட்டு கட்டி வச்சிருக்கோம்!

இப்ப என் கதை. திரும்பி வந்ததும், எங்க டீம் பண்ற தொழிற்சாலைப் பயிற்சி வி.ஆர். கோடைத் திறந்து பாத்தேன். தரையில இருந்து ஹெட்செட் 1.2 மீட்டருக்குக் கீழ போனா 'ஆள் குனிஞ்சுட்டார்'னு முடிவு பண்ணி நடையை மெதுவாக்கற ஒரு வரி. நாற்காலில உக்காந்திருக்கற பலருக்குக் கண் உயரமே அவ்வளவுதான் வரும். அதாவது எங்க சாஃப்ட்வேர் கண்ணுக்கு சித்தி பையன் வாழ்நாள் பூரா குனிஞ்சே நடக்கறவன். அந்த வரியை எழுதினவன் பேரைப் பாத்தேன். என் பேரு.

டேமேஜர்கிட்ட சொன்னேன். "எட்ஜ் கேஸ்பா, அடுத்த ரிலீஸ்ல பாத்துக்கலாம்"னார். அவரை மட்டும் குறை சொல்லி என்ன பண்ண? நம்ம ஆளுங்க எல்லாரும் சொல்ற சாக்கு மூணே மூணுதான். ஒண்ணொண்ணா பாப்போம்.

சாக்கு 1: "வி.ஆர்.னாலே உடம்பை ஆட்டி விளையாடறது. வசதி பண்றேன்னு மாத்தினா அந்த உலகத்துக்குள்ள இருக்கற உணர்வே போயிரும்."

அப்படியா? 2016ல ஆக்குலஸ் ரிஃப்ட்டும் ஹெச்.டி.சி. வைவும் கடைக்கு வந்த புதுசுல, மாட்டினவங்க பல பேருக்குத் தலை சுத்துச்சு, வாந்தி வந்துச்சு. என்ன பண்ணினாங்க? நடக்கறதுக்குப் பதிலா குறி வச்ச இடத்துக்குத் தாவற டெலிபோர்ட், சட்டுனு குறிப்பிட்ட டிகிரி திரும்பற வசதி, நகரும்போது பார்வையோட ஓரத்தை இருட்டாக்கறது எல்லாம் மளமளன்னு வந்துச்சு. நிஜ வாழ்க்கையில யாருய்யா தாவித் தாவி ஆபீஸ் போறான்? அப்ப உணர்வு போகலையா? காது, கை, கால் நல்லா இருக்கறவனுக்குத் தலை சுத்தினா அது 'டிசைன் பிரச்னை'. கை வராதவனுக்கு டிரிக்கர் எட்டலைன்னா அது 'எட்ஜ் கேஸ்'. நல்லா இருக்குங்க உங்க நியாயம்.

சாக்கு 2: "தொழில்நுட்ப ரீதியா ரொம்பக் கஷ்டம்."

ஏற்கனவே செஞ்சு காட்டினவங்க வரிசையா நிக்கறாங்க. 2020ல வந்த வால்வோட ஹாஃப்-லைஃப்: அலிக்ஸை ஒரே கன்ட்ரோலரை வச்சு, உக்காந்துக்கிட்டே முழுசா ஆடலாம். பீட் சேபர்ல ஒத்த வாள் முறை இருக்கு. வாக்கின்வி.ஆர்.னு ஒரு டிரைவர், ஸ்டீம்வி.ஆர். விளையாட்டுங்களுக்கு நடுவுல உக்காந்துக்கிட்டு, சின்னக் கை அசைவைப் பெரிய அசைவா மாத்திக் கொடுக்குது. மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சியாளர்கள் 2018ல, பார்வையில்லாதவங்க கைத்தடியால தட்டித் தடவி வி.ஆர். உலகத்துல நடக்கறதுக்கு கேன்ட்ரோலர்னு ஒண்ணு செஞ்சாங்க. 2019ல பார்வைக் குறைபாடு உள்ளவங்களுக்காக சீயிங்வி.ஆர். வந்துச்சு. மொத்தம் 14 கருவிகள். அதுல 9 கருவியை, ஏற்கனவே வெளிவந்த விளையாட்டு மேலயே, அதோட மூலக் கோடைத் தொடாம மாட்டலாம். 2024ல வந்த ஆப்பிள் விஷன் ப்ரோல கண், தலை, மணிக்கட்டு, விரல்னு எதை வேணா சுட்டியா வச்சுக்கலாம். என்ன, வந்தப்போ ஆரம்ப விலையே 3,499 டாலர்.

அப்புறம் என்ன கஷ்டம்? ஆட்டத்தை முடிச்சுட்டுக் கடைசி வாரத்துல 'சேர்க்கணும்'னு உக்காந்தா கஷ்டம்தான். வீடு கட்டி முடிச்சப்புறம் கதவை அகலமாக்கறது எவ்வளவு செலவுன்னு கொத்தனார்கிட்ட கேளுங்க. அஸ்திவாரத்துலயே யோசிச்சிருந்தா செலவு கொஞ்சம்தான்.

சாக்கு 3: "இதை வாங்கறது எத்தனை பேரு?"

முதல்ல, உள்ளயே விடாம 'யாருமே வரலை'னு எண்ணறது என்ன கணக்கு? ரெண்டாவது, இந்த வசதி அவங்களுக்கு மட்டும்தான்னு யாரு சொன்னா? நடந்து விளையாடறதுக்கு ரெண்டு மீட்டருக்கு ரெண்டு மீட்டர் காலி இடம் வேணும்ங்கறாங்க. சென்னையில நான் வாடகைக்கு இருக்கற ஹால்ல சோஃபாவைத் தூக்கித் தலையில வச்சாத்தான் அது கிடைக்கும் :) எனக்கும் உக்காந்து ஆடற வசதி வேணும். முட்டி வலிக்கிற எங்கப்பாவுக்கு வேணும். கை சுளுக்கின பக்கத்து வீட்டுப் பையனுக்கு வேணும்.

சரி, அப்ப ஏன் நடக்கலை? யாரும் கட்டாயப்படுத்தலை, அதான். 2020ல ஆக்குலஸ் கடைக்கு வர்ற ஆப்களுக்கு அணுகல் வசதி பத்தின சோதனைப் பட்டியல் ஒண்ணு கொண்டு வந்தாங்க. ஆனா அது வெறும் பரிந்துரை. டபிள்யூ3சி 2021ல இதுக்குன்னே ஒரு ஆவணம் வெளியிட்டுச்சு. அதுவும் குறிப்புதான், விதி இல்லை. 'செஞ்சா நல்லது'ன்னு இருக்கற வரைக்கும் அது அடுத்த ரிலீஸ்லதான் நிக்கும். அந்த அடுத்த ரிலீஸ் வரவே வராது. ஆப் கிராஷ் ஆனா கடைக்குள்ள விடாதவங்க, ஒத்தக் கையால ஆரம்பிக்கவே முடியாத ஆப்பையும் விடக் கூடாது. இது கருணை இல்லைங்க, குவாலிட்டி. பக்கு பக்குதான்.

கடைசியா, அந்த 1.2 என்னாச்சு? டேமேஜரைக் கேக்காம ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் உக்காந்து மாத்திட்டேன். ஆரம்பத்துல அவங்கவங்க உயரத்தை அளந்துக்கிட்டு, அதுல இருந்து கணக்குப் போடற மாதிரி. ஒரு மத்தியானம்தான் ஆச்சு. மூணு வருஷமா 'கஷ்டம்'னு நான் நெனச்சுக்கிட்டு இருந்தது அவ்வளவுதான்.

பொங்கலுக்குப் போனப்போ சித்தி பையனுக்கு பீட் சேபரை ஒத்த வாள்ல போட்டுக் கொடுத்தேன். மூணாவது பாட்டுலயே என் ஸ்கோரைத் தாண்டிட்டான். இப்ப வாரா வாரம் போன் பண்ணிக் கேக்கறான்: "அண்ணா, அந்தக் கதவு விளையாட்டு எப்ப சரி பண்ணுவாங்க?"

என்கிட்ட பதில் இல்லை. வி.ஆர்.ல பொட்டி தட்டற மக்களே, உங்க கோடுலயும் ஒரு 1.2 இருக்கும். நாளைக்கு ஆணி புடுங்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை தேடிப் பாருங்க.