சேமிப்பை முதலீடு செய்வோரின் கடமை

ஓய்வூதியத்திற்கும் காப்பீட்டிற்குமாக மக்கள் செலுத்தும் பணம் நிறுவனப் பங்குகளாக மாறும்போது, அந்நிறுவனங்கள் பிறருடைய நிலத்தையும் நீரையும் உயிரையும் எவ்வாறு மதிக்கின்றன என்பதை ஆராய்வது முதலீட்டாளரின் கடமையாகும். ஐக்கிய நாடுகள் மனித உரிமை மன்றம் 2011இல் ஒருமனதாக ஏற்றுக்கொண்ட வழிகாட்டிக் கோட்பாடுகள், தொழில் உறவுகளின் வழியாக நேரும் உரிமை மீறல்களையும் முன்கூட்டியே கண்டறிந்து தடுக்க முயலவேண்டிய பொறுப்பை நிறுவனங்கள் மீது சுமத்துகின்றன. சிறிதளவு பங்கு வைத்திருக்கும் நிதி நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல.

இப்பொறுப்பை நடைமுறையில் நிறைவேற்ற இயலும் என்பதற்கு நார்வே சான்றாகும். எண்ணெய் வருவாயில் உருவான தன் ஓய்வூதிய நிதியத்திற்கு 2004இல் தனி அறநெறிக் குழுவை அமைத்த அந்நாடு, அக்குழுவின் பரிந்துரையை ஏற்று, கடுமையான சுற்றுச்சூழல் சேதத்தையும் மனித உரிமை மீறலையும் காரணம் காட்டி, 2007இல் சுரங்கத் தொழில் நிறுவனமான வேதாந்தாவை முதலீட்டிலிருந்து விலக்கியது. ஒடிசாவின் லாஞ்சிகர் அலுமினா ஆலைக்காகப் பழங்குடியினர் வெளியேற்றப்பட்டதையும், அந்நிறுவனத்தின் தூத்துக்குடி தாமிர ஆலையையும் அப்பரிந்துரை ஆராய்ந்திருந்தது. குற்றச்சாட்டுகளை நிறுவனம் மறுத்துவந்தது. எனினும், லாஞ்சிகர் ஆலைக்காக நியாம்கிரி மலையில் சுரங்கம் தோண்டும் திட்டத்தை 2013இல் அப்பகுதியின் 12 கிராம சபைகளும் நிராகரித்தன. தூத்துக்குடி ஆலையை மூடக்கோரிய போராட்டத்தில் 2018 மே மாதத்தில் காவல்துறை சுட்டதில் 13 பேர் உயிரிழந்தனர். அதன்பின் மூடப்பட்ட அவ்வாலையை மீண்டும் திறக்கக்கோரிய மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் 2024இல் தள்ளுபடி செய்தது.

நிதி மேலாளரின் கடமை இலாபம் ஈட்டுவது மட்டுமே என்போருக்கு இவ்வரலாறே விடையளிக்கிறது. மக்களின் எதிர்ப்பைப் பொருட்படுத்தாத முதலீடு, முடங்கிய ஆலையாகவும் கைவிடப்பட்ட சுரங்கமாகவும் இழப்பில் முடிகிறது. இழப்பு நேராவிடினும், ஒருவருடைய முதுமைக்கால வருவாய் இன்னொருவருடைய வாழிடத்தை அழித்துப் பெறப்படுவது அறமாகாது. பங்குகளை விற்றால் பொறுப்பற்றவர் வாங்கிக்கொள்வார் என்ற வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. ஆகவேதான் பங்குதாரருக்குரிய வாக்கையும் கேள்வி கேட்கும் உரிமையையும் முதலில் பயன்படுத்தி, அவை பயனற்றுப்போகும்போது மட்டுமே, காரணத்தைப் பகிரங்கமாக அறிவித்து விலகவேண்டும்.

இந்தியாவில் பங்குச்சந்தையின் முதல் 1000 நிறுவனங்கள், தம் சமூக, சுற்றுச்சூழல் நடத்தையை விளக்கும் பொறுப்பறிக்கையை 2022-23 முதல் கட்டாயமாக அளிக்கவேண்டும் என பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி விதித்துள்ளது. ஆயினும், உரிமை மீறலுக்கான வாய்ப்பை முன்னரே கண்டறியும் ஆய்வு நடத்தப்பட்டதா என்ற வினா, அவ்வறிக்கையில் விருப்பத்திற்குரியதாகவே விடப்பட்டிருக்கிறது. இவ்வினாவுக்கு விடையளிப்பதை செபி கட்டாயமாக்கவேண்டும். எல்ஐசி, தேசிய ஓய்வூதியத் திட்டம் போன்ற பொதுச் சேமிப்புகளுக்கு அரசின் தலையீடற்ற அறநெறிக் குழுவை நாடாளுமன்றம் சட்டத்தின் வழியே அமைக்கவேண்டும். அக்குழுவின் பரிந்துரைகளும், அவை ஏற்கப்படாவிடில் அதற்கான காரணங்களும், பணத்திற்கு உரியவர்களான மக்களின் பார்வைக்கு வைக்கப்படவேண்டும்.