தாம்பரத்தில் வயலினுக்கு ஒரு மாலை

கர்நாடக இசைக் கச்சேரி என்றால் மேடையில் வயலின் இருந்தே தீரும். ஆனால் அந்த வயலின் நடுவில் அமர்வது அபூர்வம். தாம்பரம், குரோம்பேட்டை, நங்கநல்லூர் பக்கத்துக் கோயில் மண்டபங்களில் ராம நவமிக்கும் நவராத்திரிக்கும் நடக்கும் கச்சேரிகளிலும் இதே வரிசைதான்: நடுவில் பாடகர், பக்கத்தில் வயலின். மயிலாப்பூரிலிருந்தும் தியாகராய நகரிலிருந்தும் வந்த இந்த வழக்கத்தைத் தென்சென்னைப் புறநகர் அப்படியே பின்பற்ற வேண்டியதில்லை. வயலின் தனிக்கச்சேரிக்கு முதன்மையான மாலை நேரத்தை ஒதுக்கும் வேலையை இங்கிருந்தே தொடங்கலாம்.

வயலின் நடுவில் அமரத் தகுந்தது என்பதற்கு வயலின் கலைஞர் லால்குடி ஜெயராமனின் வாழ்க்கையே போதிய சான்று. 1930-இல் தியாகராஜரின் சீடப் பரம்பரையில் பிறந்து, தந்தை கோபால ஐயரிடம் பயின்று, பன்னிரண்டு வயதில் பக்கவாத்தியக்காரராக மேடையேறியவர் அவர். அரியக்குடி, செம்மங்குடி, ஜி.என்.பி., மதுரை மணி ஐயர் என ஒருவர் பாணி மற்றவருக்கு ஒவ்வாத பாட்டு மேதைகளுக்கெல்லாம் பக்கவாத்தியம் வாசித்தார். ஒத்திகை கிடையாது. பாடகர் எந்த ராகத்தை எடுப்பார், எங்கே நிரவல் செய்வார் என்பது மேடையில்தான் தெரியும். அரியக்குடியின் மத்தியம காலக் கச்சிதத்துக்கு ஒரு வில், ஜி.என்.பி.யின் பிருகா வேகத்துக்கு வேறொரு வில் வேண்டும். பாடகரின் மனோதர்மத்தை அந்தக் கணத்திலேயே உள்வாங்கித் தன் வழியில் திருப்பித் தருகிற இந்தத் திறமையை இரண்டாம் நிலைக் கலை என்று எப்படிச் சொல்ல முடியும்? அதே மனிதர்தான் வயலின், வேணு, வீணை மூன்றையும் ஒரே மேடையில் இணைத்தார். இன்று நாட்டிய மேடைகளில் தவறாமல் ஒலிக்கும் தில்லானாக்களை இயற்றினார். 1965-இல் எடின்பரோ விழாவில் அவர் வாசிப்பைக் கேட்ட வயலின் மேதை யெஹூதி மெனுஹின் தம் இத்தாலிய வயலினையே பரிசளித்தார். ஆனாலும் சங்கீத கலாநிதி விருது பெற்றவர்கள் பட்டியலில் லால்குடியின் பெயர் இல்லை. அவருடைய மகனும் மகளும் 2022-க்கான அந்த விருதைப் பெற்றபோது அவர் மறைந்து ஒன்பது ஆண்டுகள் கடந்திருந்தன.

சாகித்யம், அதாவது பாட்டின் சொல், இல்லாத இசைக்குக் கூட்டம் வராது என்று அமைப்பாளர்கள் சொல்வார்கள். இந்தத் தயக்கம் புரிகிறது. ஆனால் நம் அனுபவம் அதற்கு எதிராக இருக்கிறது. நாகஸ்வரத்துக்கும் சொல் கிடையாது. விடிய விடியக் கோயில் வீதிகளில் மக்கள் அதைக் கேட்டு நின்றார்கள். குன்னக்குடி வைத்தியநாதன் வயலினோடு தவிலைச் சேர்த்து, சங்கீதம் பயிலாதவர்களையும் அரங்குக்கு இழுத்தார். லால்குடியோ பாட்டின் சொல் எங்கே பிரிகிறது, எங்கே சேர்கிறது என்பது கேட்கும்படி வில்லை நகர்த்தினார். தெரிந்த கீர்த்தனையை அவர் வாசித்தால் கேட்பவர் மனத்தில் சொற்கள் தாமே வந்து அமரும். பக்கவாத்தியம்தான் சிறந்த பயிற்சி, அதிலேயே இருக்கட்டும் என்பது இன்னொரு வாதம். அதன் முதல் பாதி முழு உண்மை, லால்குடியும் எம்.எஸ். கோபாலகிருஷ்ணனும் அந்தப் பயிற்சியில்தான் வளர்ந்தார்கள். அதற்காக, நாற்பது வருடம் வாசித்தவரையும் மாணவராகவே நடத்துவது நியாயமில்லை. அழைப்பிதழில் சிறிய எழுத்து, குறைந்த சன்மானம், ஆலாபனைக்குச் சில நிமிடம் என்ற அளவிலேயே பல நல்ல வயலின் கலைஞர்களின் காலம் முடிந்துவிடுகிறது.

பணமும் தடையாக இருக்கத் தேவையில்லை. வாய்ப்பாட்டுக் கச்சேரிக்குப் பாடகர், வயலின், மிருதங்கம் என்று குறைந்தது மூவர் வேண்டும். வயலின் தனிக்கச்சேரியை இருவரைக் கொண்டே நடத்தலாம். சிறிய சபாவுக்கு இது சிக்கனம், கலைஞருக்கு இது கௌரவம். கேட்க ரசிகர்களும் இங்கே உண்டு. சென்னைக் கடற்கரை நிலையத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது முதல், நல்ல கச்சேரி கேட்க இப்பகுதி ரசிகர்கள் வடக்கு நோக்கியே பயணித்து வந்திருக்கிறார்கள். பல்லவபுரம், பம்மல், செம்பாக்கம், சிட்லபாக்கம் எல்லாம் சேர்ந்து 2021-இல் தாம்பரம் மாநகராட்சி ஆகிவிட்டது. இவ்வளவு பெரிய ஊர் தன் ரசனையைத் தானே தீர்மானிக்கலாம். இப்பகுதிச் சபாக்களும் கோயில் விழாக் குழுக்களும் அடுத்த ராம நவமித் தொடரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையை வயலினுக்கு மட்டும் ஒதுக்க வேண்டும். அழைப்பிதழில் அந்தக் கலைஞரின் பெயரை முதலில் அச்சிட வேண்டும்.