இரும்பு லேத்தில் மரம் ஏறக் கூடாதா?

1958-இல் கிண்டி தொழிற்பேட்டை வந்தபின் பெருகியவை எங்கள் ஈக்காட்டுத்தாங்கல் லேத் பட்டறைகள். அங்கே ஒரு வேதவாக்கு உண்டு: "இரும்பு லேத்துல மரத்தை ஏத்தாதே." மரத்தூள் எண்ணெயை உறிஞ்சும், ஈரம் பிடிக்கும், பெட் துருப்பிடிக்கும். உண்மைதான். அதற்கு மருந்து, பெட்டை மூட ஒரு பழைய துணியும், வேலை முடிந்ததும் தூளைக் கூட்டி எண்ணெய் போடும் பத்து நிமிடமும்தான். சோம்பலைச் சாஸ்திரமாக்க வேண்டாம்.

மர லேத்தில் உளி கையில் இருக்கிறது. கண் சொல்கிற வளைவு வரும். இரும்பு லேத்தில் டூலைத் திருகு நகர்த்துகிறது, நூல் பிசகாது. இரண்டும் போட்டியல்ல. வெளிநாட்டில் சுங்கான் செய்கிறவர்கள் பலர் புகைத்துளையை இரும்பு லேத்தில் போட்டுவிட்டு, உருவத்தைக் கையால் கொண்டுவருகிறார்கள்.

நமக்கு அதைவிடப் பெரிய குழல் இருக்கிறது. ஆடுதுறை பக்கம் நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆச்சா மரம், இரண்டடிக்கு மேல் நீளம், மேலே குறுகிக் கீழே விரியும் துளை. துளை கோணினால் சுருதி போச்சு. மரம் சுழன்று டிரில் நின்றால் துளை நடுவை விட்டு அதிகம் விலகாது. எந்த டர்னருக்கும் தெரிந்த பாடம் இது.

"மெஷின் வந்தால் நாதம் போய்விடும்" என்பவர்களைக் கேட்கிறேன்: கடைசல் பட்டறையில் கயிறு போய் மோட்டார் வந்தபோது நாதம் போனதா? விரல் துளையைச் சரிபார்ப்பது ஆசாரியின் காது. அதை எந்த லேத்தும் பறிக்காது.

பட்டறையை மூடுகிறவர்கள் நல்ல லேத்தைக் காயலான் கடைக்குத் தள்ளுகிறார்கள். எடை போடுமுன் நரசிங்கம்பேட்டை ஆசாரி ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள்.