வரப்பை நகர்த்தினால் நிலம் கூடுமா?

மெர்லிமாவ் பட்டணத்திலும் அதைச் சூழ்ந்த தோட்டங்களிலும், பொலிடெக்னிக்கில் சேரும் பிள்ளைக்காகப் பெற்றோர் சிரமப்பட்டுச் சேர்த்த பணத்துக்குள் அடங்கும் மடிக்கணினி எதுவென்று பார்த்தால், அது 8 ஜிபி ரேம் கொண்டதாகவும் தனி கிராஃபிக்ஸ் அட்டை இல்லாததாகவும் இருப்பதே வழக்கம். ஆட்டோகேட் போன்ற வரைபட மென்பொருள் அதில் தடுமாறத் தொடங்கியதும், கணினியின் அடிப்படை அமைப்புகளைக் கட்டுப்படுத்தும் பயாஸுக்குள் நுழைந்து கிராஃபிக்ஸ் நினைவகத்தை 512 எம்பியிலிருந்து 2 ஜிபியாக உயர்த்திவிடு என்று ஆலோசனை சொல்லப் பலர் முன்வருகிறார்கள். அது பெரும்பாலோருக்குப் பிரயோஜனமற்ற ஆலோசனை என்பதே என் அபிப்பிராயம்.

இத்தகைய கணினியில் கிராஃபிக்ஸ் செயலிக்கென்று சொந்த நினைவகம் கிடையாது. பிரதான ரேமிலிருந்தே அது தன் பங்கைப் பெறுகிறது. அண்ணன் தம்பி இருவருக்கிடையே வரப்பை நகர்த்துவதால் நிலத்தின் பரப்பு கூடுவதில்லை அல்லவா? 8 ஜிபியில் 2 ஜிபியை நிரந்தரமாக ஒதுக்கிவிட்டால், விண்டோஸுக்கும் ஏனைய மென்பொருள்களுக்கும் 6 ஜிபிதான் மிஞ்சும். தேவை நேரும்போது ரேமில் ஏறக்குறையப் பாதிவரை கிராஃபிக்ஸுக்கு விண்டோஸ் தானாகவே வழங்கிவிடுவதால், முன்கூட்டியே ஒதுக்கும் அளவை உயர்த்துவது, அந்த அளவைப் பரிசோதித்துப் போதாதென்று இயங்க மறுக்கும் சில மென்பொருள்களுக்கு மட்டுமே உதவும். 16 ஜிபி வைத்திருப்பவர் அதைச் செய்து பார்ப்பதில் நஷ்டமில்லை. விண்டோஸின் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் இந்த எண்ணை மாற்றும் தந்திரமோ, மென்பொருளுக்குப் பெரிய தொகையைக் காட்டுமேயன்றி ஓர் எம்பியைக்கூட உண்மையில் சேர்க்காது. பல மடிக்கணினிகளின் பயாஸில் இந்தத் தெரிவே இருப்பதில்லை. அதற்காக எவரோ திருத்திய பயாஸை ஏற்றுவது, கணினியையே முடக்கிவிடக்கூடிய விபரீதம்.

உண்மையான பரிகாரம் இரண்டாவது ரேமைச் செருகுவதே. 3200 வேக டிடிஆர்4 ரேம், ஒற்றைப் பாதையில் வினாடிக்கு அதிகபட்சம் 25.6 ஜிபி தரவைக் கடத்துமென்றால், இரண்டாவது ரேம் சேர்ந்து அமையும் இரட்டைப் பாதையில் அது 51.2 ஜிபியாகிறது. பிரதான ரேமையே நம்பியிருக்கும் கிராஃபிக்ஸ் செயலிக்கு அளவு கூடுவதோடு வேகமும் கூடுவதால், இதுவே கைகண்ட பலனைத் தருகிறது. ஆனால் ரேமைப் பலகையோடு பற்றவைத்து, கூடுதல் இடம் எதுவும் விடாத மடிக்கணினிகளில் இந்த வழியும் அடைபட்டுவிடுகிறது.

ஆகவே, விற்பனையாளர் விலைச்சீட்டில் ரேமின் அளவை மட்டும் பெரிதாக எழுதாமல், அதில் கிராஃபிக்ஸுக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டிருக்கிறது, பிற்பாடு ரேமைக் கூட்ட இடமுண்டா என்னும் இரண்டையும் சேர்த்தெழுத வேண்டும். அவர் எழுதாவிட்டால், பெற்றோரே அவற்றைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு பணத்தை எடுத்துக் கொடுங்கள்.